கிளிமஞ்சாரோ: 5 நாள் திட்டமா, 8 நாள் திட்டமா?

கொங்குநடை | அக்டோபர் 6

வணக்கம் நண்பர்களே. ஜனவரி கடைசியில் நானும் என் மச்சானும் கிளிமஞ்சாரோ போகலாம் என்று இருக்கிறோம். எனக்கு 41 வயது, அவருக்கு 36. இரண்டு பேரும் ஊர்ப்பக்க மலைகளில் ஏறிப் பழகியவர்கள்தான். வெள்ளியங்கிரி மட்டும் நான் 9 தடவை ஏறியிருக்கிறேன். ஆனால் இமயமலைப் பக்கம் போனதில்லை, 4,000 மீட்டருக்கு மேல் கால் வைத்ததே இல்லை.

கைடு இல்லாமல் அந்த மலையில் ஏற தான்சானியாவில் அனுமதி கிடையாது என்பது தெரியும். அதனால் இரண்டு கம்பெனிகளிடம் விலை கேட்டேன். ஒன்று மராங்கு பாதையில் 5 நாள், ஆளுக்கு 1,250 டாலர். இன்னொன்று லெமோஷோ பாதையில் 8 நாள், ஆளுக்கு 2,350 டாலர். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் 2,200 டாலர். என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

மலையும் ஒன்றுதான், உச்சியும் ஒன்றுதான், 5,895 மீட்டர். மூன்று நாள் கூடுதலாக நடப்பதற்கு எதற்கு இவ்வளவு பணம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்கனம்77 | அக்டோபர் 6

என் நண்பர் அந்த 5 நாள் திட்டத்தில்தான் போனார். உச்சி தொட்டார், நல்லபடியாகத் திரும்பி வந்தார். மராங்கு பாதையில் கூடாரம் கிடையாது, மரக்குடிசையில் கட்டில் மெத்தை உண்டு. மழை வந்தாலும் கவலையில்லை. தைரியமாகப் பதிவு செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் செரங்கெட்டி பார்த்துவிட்டு வரலாம்.

மலையரசி | அக்டோபர் 7

சிக்கனம் சார் நண்பரைப் போலவே நானும் 5 நாள் திட்டத்தில்தான் போனேன். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதல் இரவு மந்தாரா குடிசை, சுமார் 2,700 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,700. மூன்றாம் நாள் மதியம் கிபோ குடிசை, 4,700. அன்றைக்கு நள்ளிரவிலேயே உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். கணக்குப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் 1,000 மீட்டர். உடம்பு முதல் 1,000-க்கே பழகியிருக்காது, அதற்குள் அடுத்த 1,000.

கிபோவில் மாலை கொடுத்த சூப்பை அப்படியே வாந்தி எடுத்தேன். இரவு 11:45-க்குக் கிளம்பினோம். அங்கே மணல் மாதிரி எரிமலைச் சரளை, இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். 5,100, 5,200 மீட்டர் இருக்கும், தலைக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி வலி. கைடிடம் "இறங்கிவிடுகிறேன்" என்று சொன்னேன்.

இப்போது நான் சொல்லப் போவதுதான் முக்கியம். எங்கள் குழுவில் 6 பேர், கைடு ஒரே ஒருவர். உதவி கைடு கிடையாது. என்னை இறக்க வேண்டுமென்றால் அவரும் இறங்க வேண்டும், அப்படியானால் மற்ற 5 பேரும் இறங்கியாக வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்தார், அவர்கள் முகத்தைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "பரவாயில்லை, வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

உச்சிக்குக் கீழே, எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் கில்மன் முனை வரைக்கும் போனேன். இறங்கும்போது இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. இரண்டு நாளில் சரியானது என்பது என் அதிர்ஷ்டம். அந்த கைடை நான் குறை சொல்ல மாட்டேன். 6 பேருக்கு ஒரு ஆளை அனுப்பிய கம்பெனியைத்தான் சொல்வேன்.

கொங்குநடை, விலையைக் கேட்கும் முன் "உச்சி இரவில் எத்தனை பேருக்கு எத்தனை கைடு?" என்று கேளுங்கள்.

கொங்குநடை | அக்டோபர் 7

மலையரசி, இதை எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளியங்கிரியில் முடியாதவர் வழியில் உட்கார்ந்துவிடுவார், நாம் திரும்பி வரும்போது கூட்டிக்கொண்டு இறங்குவோம். இங்கே அப்படி நடக்காது என்று புரிகிறது.

இன்னொரு சந்தேகம். நல்ல உடற்பயிற்சி இருந்தால் இந்த உயரப் பிரச்சினை குறையுமா? மச்சான் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்.

டாக்டர்_நீலகிரி | அக்டோபர் 8

குறையாது. ஓடுகிறவர்களுக்கு ஆபத்து ஒரு படி கூடுதல் என்றுகூடச் சொல்வேன். மூச்சும் காலும் ஒத்துழைப்பதால் வேகமாக ஏறிவிடுவார்கள், உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்காது.

உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. உடனே உடம்பு வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். அப்படி விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அதைக் கண்ட மூளை "மூச்சைக் குறை" என்று உத்தரவு போடும். இரவில் தூங்கும்போது சிலருக்கு மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும், மணிக்கணக்கில் முடிகிற வேலை இல்லை. நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுக்கும் அந்த மூன்று நாளில் உங்கள் சிறுநீரகம் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

"ஒரு வாரம் இருந்தால் ரத்தம் ஊறிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள். சிவப்பணுக்கள் நன்றாகப் பெருக வாரக்கணக்கில் ஆகும். கிளிமஞ்சாரோவில் உங்களைக் காப்பாற்றுவது அது இல்லை.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். மலை மருத்துவத்தில் சொல்லும் வழக்கமான வரையறை இது. லெமோஷோ 8 நாளில் தூங்கும் உயரங்கள் சுமாராக 2,700, 3,500, 3,850, 3,950, 4,000, 4,650. இரண்டாம் இரவின் தாவலும் கடைசித் தாவலும் இதிலும் பெரிதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் இரவுக்குப் பிறகு மூன்று இரவுகள் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் ஒரு நாள் லாவா டவர் என்ற 4,600 மீட்டர் பாறை வரை ஏறிவிட்டு 3,950-க்கு இறங்கித் தூங்குவீர்கள். பகலில் உயரம் காட்டி, இரவில் இறக்கித் தூங்கவைக்கிற அந்த ஒரு நாள் தங்கம்.

உயர நோய் வராமலிருக்கப் போடும் டைமாக்ஸ் மாத்திரை அந்தச் சிறுநீரக வேலையைத்தான் வேகப்படுத்துகிறது. வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம். ஊரிலேயே உங்கள் மருத்துவரைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். மலையில் முதல் தடவையாக எந்த மாத்திரையையும் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. தரையில் நேர்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் பெருவிரலில் ஒட்டி ஒட்டி 10 அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். அப்போது உச்சி, பணம், பயணச்சீட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டு இறங்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், சளியில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலும் அதே விதிதான், அது நுரையீரலில் நீர்.

அருஷா_கணக்கர் | அக்டோபர் 8

நான் தான்சானியாவில் 6 வருடம் கணக்கர் வேலை பார்த்தவன். டாக்டர் உடம்பின் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் பணத்தின் கணக்கைச் சொல்கிறேன்.

தேசியப் பூங்கா கட்டணம் நாள் கணக்கில்தான். நான் அங்கே இருந்தபோது வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், குடிசையில் தங்க ஒரு இரவுக்கு 60, கூடாரத்துக்கு 50, மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20, மொத்தத்துக்கும் மேலே 18% வரி. உங்கள் 5 நாள் மராங்குவுக்குப் போட்டால் 350 + 240 + 20 = 610. வரியோடு 720 டாலர் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

1,250-ல் மிச்சம் 530. இதில்தான் விமான நிலைய வண்டி, மலையடிவார ஊரான மோஷியில் ஓட்டல், 5 நாள் சாப்பாடு, கைடு, சமையல்காரர், உங்கள் ஒருவருக்காக வரும் மூன்று நான்கு சுமைதூக்கிகள், கம்பெனியின் லாபம், எல்லாம் அடங்க வேண்டும். காய்கறி விலையைக் குறைக்க முடியாது, டீசல் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிவது இரண்டுதான்: ஆட்களின் எண்ணிக்கை, ஆட்களின் கூலி. மலையரசி குழுவில் உதவி கைடு இல்லாமல் போனது இந்தக் கணக்கில்தான்.

அந்தச் சுமைதூக்கிகள் பலர் மலையடிவாரத்து சாகா இன இளைஞர்கள். பூங்கா விதிப்படி ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது, வாசலிலேயே தராசு உண்டு. ஆனால் தராசைத் தாண்டியதும் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர்கள் மூட்டையை மற்றவர்கள் தலையில் ஏற்றுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கிழிந்த மழைக்கோட்டும் அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவும் போட்டு 4,000 மீட்டரில் இரவைக் கழிக்கிற பையன்களையும் பார்த்திருக்கிறேன். நாம் வெந்நீரில் முகம் கழுவுகிறோம் என்றால் அந்தத் தண்ணீரை யாரோ சுமந்திருக்கிறார்கள்.

சிக்கனம்77 | அக்டோபர் 9

கணக்கு சரி. ஆனால் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறேன். 2,350 கொடுத்தால் மட்டும் அந்தப் பணம் சுமைதூக்கிக்குப் போய்ச் சேரும் என்று என்ன உத்தரவாதம்? பளபளப்பான இணையதளம் வைத்திருக்கும் கம்பெனி முதலாளி பைக்குள் போகலாமே? நடுத்தரக் குடும்பத்து ஆள் மலை ஏறவே கூடாது என்கிறீர்களா?

அருஷா_கணக்கர் | அக்டோபர் 9

நல்ல கேள்வி. விலை அதிகம் என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்று மோஷியில் ஒரு அமைப்பு இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, சுமை எடை, தங்கும் கூடாரம் இதையெல்லாம் கண்காணித்து, ஒழுங்காக நடக்கும் கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். பட்டியலில் நடுத்தர விலைக் கம்பெனிகளும் உண்டு. அதே கம்பெனியில் 7 நாள் மச்சாமே பாதையைக் கேட்டால் விலை இன்னும் இறங்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் அது 1,250-க்கு இருக்காது. ஒரு வருடம் தள்ளிப்போட்டுச் சேமித்துப் போகலாம், மலை எங்கேயும் ஓடிவிடாது.

ஜெனீவா_தமிழன் | அக்டோபர் 10

நான் யாழ்ப்பாணத்து ஆள், இருபது வருடமாக ஜெனீவாவில் இருக்கிறேன். இங்கேயிருந்து மோன் பிளாங்க் மலையடிவாரத்துப் பிரெஞ்சு ஊரான சாமோனி ஒன்றரை மணித்தியாலப் பயணம்தான். கைடு "திரும்பு" என்று சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் இப்போதே கதைத்து வைப்பது நல்லது. அதனால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

மோன் பிளாங்கில் வழமையான பாதைக்கு ஒரு கைடுக்கு இரண்டு பேர்தான், அதற்கு மேல் கூட்டிப் போகமாட்டார்கள். நானும் ஒரு சிநேகிதனும் காசு கட்டி, ஒரு வருடம் பயிற்சி எடுத்துப் போனோம். தேத் ரூஸ் தங்குமிடத்தைத் தாண்டினால் கூத்தே சரிவு என்று ஒரு கல் ஓடை வரும். அதைக் குறுக்கே கடக்க வேண்டும், கொஞ்சத் தூரம்தான். ஆனால் மேலே பனி உருகினால் கற்கள் அதுவழியாக உருண்டு வரும். அன்று சரியான வெக்கை. கைடு ஓரத்தில் நின்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தார். பத்து நிமிடத்தில் மூன்று தரம் கல் வந்தது. பெரிய கல் சத்தம் போட்டு வரும், விலகலாம். சின்னக் கல் "விய்ய்" என்று விசில் மாதிரித்தான் வரும், காணவே முடியாது. "இன்றைக்கு இல்லை" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டினார். எனக்குச் சரியான கோபம். அதே நேரத்தில் வேறு ஆட்கள் ஓடிக் கடந்துகொண்டிருந்தார்கள். கீழே வந்து இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவே இல்லை.

பிறகுதான் அந்த ஊர்க் கைடுகளின் கதையைப் படித்தேன். 1820 ஆகஸ்டில் ஹமெல் என்ற ரஷ்ய விஞ்ஞானி மோன் பிளாங்க் ஏறப் போனார். வானிலை மோசம், புதுப்பனி விழுந்திருக்கிறது, திரும்புவோம் என்று கைடுகள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பனிச்சரிவில் மூன்று கைடுகள் பனிப்பிளவுக்குள் போய்விட்டார்கள், ஹமெல் உயிர் தப்பினார். அடுத்த வருடம், 1821-ல்தான் சாமோனி கைடுகள் சங்கம் அமைத்தார்கள். செத்துப்போன மூன்று பேரின் மிச்சங்கள் 1861-ல், 41 வருடம் கழித்து, கீழே பொசோன் பனியாற்றின் கீழ் முனையில் வெளிவந்தன. பனியாறு அவ்வளவு மெதுவாக அவர்களை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறது.

இப்போது அந்த ஊரில் கைடு திரும்பச் சொன்னால் திரும்புகிறதுதான், காசு திரும்பக் கிடைக்காது. 2022 கோடையில் கல் விழுவது கூடியபோது கைடுகள் அந்தப் பாதையையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். நான் அடுத்த வருடம் அதே மனிசனோடுதான் திரும்பப் போனேன். நானே மன்னிப்புக் கேட்டேன்.

கொங்குநடை | அக்டோபர் 10

ஜெனீவா நண்பரே, கண்ணை மூடிக் காது கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மச்சானுக்கும் அனுப்பினேன்.

கடல்மட்டம் | அக்டோபர் 11

மாற்றுக் கருத்து ஒன்று. உங்கள் மூட்டையை இன்னொருவர் தூக்கி, உங்கள் கூடாரத்தை இன்னொருவர் போட்டு, உங்கள் சாப்பாட்டை இன்னொருவர் சமைத்து, எங்கே திரும்ப வேண்டும் என்பதையும் இன்னொருவர் முடிவு செய்தால் அதை மலையேற்றம் என்று எப்படிச் சொல்வது? நம் நாட்டிலேயே உத்தரகாசி, டார்ஜிலிங், மணாலி என்று அரசுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. நாலு வாரம் அடிப்படைப் பயிற்சி எடுங்கள். கயிறு, கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்), பனிக்கோடரி எல்லாம் கற்றுக்கொண்டு, சொந்தக் காலில் ஒரு சின்ன சிகரம் ஏறுங்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பினாங்கு_பயணி | அக்டோபர் 12

கடல்மட்டம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பயிற்சி எடுப்பது நல்லது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கைடோடு ஏறுவது எல்லா மலையிலும் ஒரே மாதிரி இல்லை. அலாஸ்காவின் தெனாலியில் கைடு உண்டு, சுமைதூக்கி கிடையாது. டால்கீட்னாவிலிருந்து பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய சின்ன விமானத்தில் கொண்டுபோய்க் கஹில்ட்னா பனியாற்றில் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு முதுகில் ஒரு மூட்டை, இடுப்பில் கட்டி இழுக்க ஒரு சறுக்கு வண்டி. சமைப்பதற்குப் பனியை உருக்குவதில் உங்கள் பங்கும் உண்டு. அர்ஜென்டினாவின் அக்கொன்காகுவாவில் கோவேறு கழுதைகள் பேஸ் கேம்ப் வரை சுமக்கும். அங்கே பூங்கா மருத்துவர் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் பார்த்து, சரியில்லையென்றால் மேலே விட மாட்டார்.

எவரெஸ்ட்தான் இதில் தனி. எங்கள் மலேசியாவிலிருந்து முதலில் எவரெஸ்ட் ஏறியவர்கள் இரண்டு தமிழர்கள், மகேந்திரனும் மோகன்தாசும், 1997 மே 23. எனக்கு அப்போது 14 வயது, பள்ளிக்கூடச் சபையில் அந்தச் செய்தியை அறிவித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து இந்த மலையைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடம், 1996 மே 10, 11-ல் அங்கே புயலில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் நியூசிலாந்து கைடு ராப் ஹாலும் ஒருவர். மதியம் 2 மணிக்குள் உச்சியில் இல்லாவிட்டால் திரும்ப வேண்டும் என்பது அன்று பேசப்பட்ட நேரம். பலர் அதைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஹால் ஒரு வாடிக்கையாளருக்காக 4 மணி வரை மேலே காத்திருந்தார், இரண்டு பேருமே திரும்பவில்லை. 1995-ல் அதே வாடிக்கையாளரை உச்சிக்குச் சற்றுக் கீழே வைத்துத் திருப்பிக் கூட்டிவந்தவரும் இதே ஹால்தான். இரண்டாம் முறையும் அவரிடம் "திரும்பு" என்று சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அனுபவம் மிகுந்த கைடுக்கே வாடிக்கையாளரின் ஆசை பாரமாகிவிடும். அதனால்தான் ஜெனீவா நண்பர் சொன்ன மாதிரி, கீழேயே பேசி வைக்க வேண்டும்.

இன்னொன்று, 2014 ஏப்ரல் 18. எவரெஸ்ட் பாதையில் இருக்கும் கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளித் தொழிலாளர்கள் இறந்தார்கள். வாடிக்கையாளர்கள் ஒருவர்கூட இல்லை. விடியும் முன்னே கிளம்பி மேல் முகாம்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வாடிக்கையாளர் சில தடவை கடக்கும் அந்த இடத்தை அவர்கள் ஒரு சீசனில் எத்தனையோ தடவை கடக்கிறார்கள். அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய், அப்போது சுமார் 400 டாலர். ஒருவர் எவரெஸ்ட் ஏறக் கட்டும் அனுமதிக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். ஷெர்பாக்கள் கொதித்துப்போனார்கள். பெரும்பாலான குழுக்கள் அந்த சீசனையே கைவிட்டன. காப்பீட்டுத் தொகை அதற்குப் பிறகுதான் உயர்ந்தது.

கடல்மட்டம், கைடோடு ஏறுவது மலையேற்றமா என்பதை விட எனக்கு உறுத்துவது இதுதான்: உச்சியில் நிற்கும் நம் புகைப்படத்துக்குப் பின்னால் நிற்பவர் யார், அவர் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

கடல்மட்டம் | அக்டோபர் 12

ஏற்கிறேன். 2014 பற்றி இவ்வளவு விவரமாக எனக்குத் தெரியாது.

மலையரசி | அக்டோபர் 14

பயிற்சி பற்றிச் சிறு குறிப்பு. வெள்ளியங்கிரி நல்ல பயிற்சிதான், ஆனால் அதை ஓடி ஏறாதீர்கள். முதுகில் 7, 8 கிலோ வைத்து, பேசிக்கொண்டே ஏறுகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கிளிமஞ்சாரோவில் நாள் முழுக்க "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஸ்வாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள். முட்டி வலி ஏறும்போது வராது, இறங்கும்போது வரும். அதனால் இறக்கத்தையும் பழகுங்கள்.

முடிந்தால் முன்னதாக லடாக் போய் 4,500, 5,000 மீட்டரில் உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். எல்லோரும் போய்க்கொண்டிருந்த ஸ்டோக் காங்ரியை 2020-லிருந்து மூடிவிட்டார்கள், கூட்டம் தாங்காமல் கீழ் ஊரின் தண்ணீரே கெட்டுப்போனது. வேறு மலைகள் இருக்கின்றன.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று ஆவணத்தில் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் 3,000, 4,000 மீட்டரோடு நின்றுவிடும்.

கொங்குநடை | அக்டோபர் 20

எல்லோருக்கும் நன்றி. சுமைதூக்கிகள் அமைப்பின் பட்டியலில் இருந்து 4 கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி கடிதம் எழுதினேன். உச்சி இரவில் எத்தனை கைடு, ஒருவர் இறங்கினால் அவரோடு இறங்குவது யார், ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வரும், சுமைதூக்கிகள் எங்கே தூங்குவார்கள், கூலி எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கம்பெனி கூலிக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதின. ஒன்று பதிலே போடவில்லை. மீதமிருந்த ஒன்று எல்லாவற்றுக்கும் எண்ணோடு பதில் அனுப்பியது. லெமோஷோ 8 நாள், 2,280 டாலர். இரண்டு பேருக்கு ஒரு தலைமை கைடு, ஒரு உதவி கைடு. முன்பணம் கட்டிவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

கொங்குநடை | பிப்ரவரி 9

திரும்பி வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

லெமோஷோ பாதைக்கான லொண்டொரோசி வாசலில் தராசு, கொக்கியில் மாட்டித் தூக்கும் வகை. எங்கள் இருவருக்காக 8 பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு மூட்டை 21 கிலோ காட்டியது. கைடு அதைப் பிரித்து, என் பையிலிருந்த பெரிய பவர் பேங்கையும் இரண்டு பாக்கெட் மிக்சரையும் எடுத்து என் கையிலேயே கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. நான் "ஒரு கிலோதானே" என்று எடுத்து வைத்த சாமான் அது.

முதல் 5 நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாக நடந்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். காலையும் மாலையும் விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்து நோட்டில் எழுதினார்கள். லாவா டவரில் எனக்கு லேசான தலைவலி, பரங்கோ முகாமுக்கு இறங்கியதும் போய்விட்டது. டாக்டர் எழுதியது அப்படியே நடந்தது.

பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பினோம். முதுகுப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் அரை மணியில் உறைந்துவிட்டது, பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்ததால் தப்பித்தேன். 5,300 மீட்டர் இருக்கும், மச்சான் என்னிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார், "கார் சாவி எங்கே?" என்று. நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கைடு நினைக்கவில்லை. நிற்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் குச்சியால் தரையில் கோடு கிழித்து, குதிகாலை ஒட்டி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மச்சான் பக்கவாட்டில் சாய்ந்தார். அவரைப் பிடித்துக்கொண்டே கைடு உதவி கைடிடம் ஸ்வாஹிலியில் ஏதோ சொன்னார். மச்சான் வாதாடினார், கத்தினார், "நான் தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவன்" என்றார். நானும் கூட இறங்குகிறேன் என்று சொன்னேன். "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், அவரோடு ஆள் இருக்கிறது" என்றார் கைடு. கீழேயே பேசி வைத்திருந்ததால் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அவர்களின் டார்ச் வெளிச்சம் வளைந்து வளைந்து இறங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா முனையில் விடிந்தது. கிழக்கே மவென்சி சிகரம் கறுப்பாக நின்றது. 7:20-க்கு உச்சி. பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, எனக்கு இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது.

உதவி கைடு மச்சானைப் பராஃபுவில் நிறுத்தவில்லை. ஆக்சிஜன் கொடுத்து, ஊசி போட்டு, நேராக 3,800 மீட்டரில் இருக்கும் மில்லெனியம் முகாமுக்கே இறக்கிவிட்டார். மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது உட்கார்ந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார், "நான் ஏன் இறங்கி வந்தேன்?" வாதாடியது, கத்தியது எதுவுமே அவருக்கு நினைவில்லை.

டாக்டர்_நீலகிரி | பிப்ரவரி 9

கைடு செய்தது அத்தனையும் சரி. அந்த நிலையில் உள்ளவரிடம் "உனக்கு முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார், முடிவெடுக்கும் மூளைதான் அங்கே பாதிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கு வந்ததும் அவரை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினீர்களா?

கொங்குநடை | பிப்ரவரி 10

காட்டினோம் டாக்டர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், இப்போது ஒன்றும் இல்லை. இந்த வருடம் உயரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கனம்77 | பிப்ரவரி 10

படித்தேன். மச்சான் நலம் என்று கேட்டு நிம்மதி. ஒரு விவரம் மட்டும்: டிப்ஸ் எவ்வளவு, எப்படிக் கொடுத்தீர்கள்? அது சுமைதூக்கி கைக்குப் போய்ச் சேர்ந்ததா?

கொங்குநடை | பிப்ரவரி 11

கடைசி நாள் காலை, எல்லோரையும் நிற்கவைத்துத்தான் கொடுத்தோம். ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயரும், எதிரே தொகையும் எழுதி, கைடு எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். தனித்தனி உறையில் போட்டு நானே கையில் கொடுத்தேன், மொத்தமாகக் கைடிடம் கொடுக்கவில்லை. அருஷா நண்பர் தனிச்செய்தியில் சொல்லிக்கொடுத்த முறை இது. இரண்டு பேருக்கும் சேர்த்து 620 டாலர் ஆனது. அதை முதலிலேயே பயணச் செலவில் சேர்த்து எடுத்து வையுங்கள், சின்ன நோட்டாக. மச்சானை இறக்கிய உதவி கைடுக்கு மச்சானே தன் கையால் தனியாகக் கொடுத்தார், தன் இறகு ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.